வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாகக் கொடுத்தவர்

குடியாத்தத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். போன ஆடியில் ஒரு பெரியவர் வந்து, “தம்பி, பாலில் கலக்குகிற பவுடர் பத்து பாக்கெட் கொடுப்பா” என்றார். 60,000 யூனிட் வைட்டமின் டி. சீட்டைக் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது, ஆனாலும் ‘வாரம் ஒன்று, 8 வாரம்’ என்பது ஆங்கிலத்தில் தெளிவாகவே இருந்தது.

அவரோ சித்திரையிலிருந்து மனைவிக்குத் தினமும் இரவில் கலக்கிக் கொடுத்து வந்திருக்கிறார். தீரத் தீர வெவ்வேறு கடைகளில் வாங்கியிருக்கிறார். எவரும் சீட்டைக் கேட்கவில்லை.

“அம்மா எப்படி இருக்கிறார்கள்?” என்றேன்.

“சாப்பாடே இறங்கவில்லை. குமட்டல், மலச்சிக்கல். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள். பேச்சு வேறு தடுமாறுகிறது. சத்துப் போதவில்லை என்றுதான் விடாமல் கொடுக்கிறேன்.”

பாக்கெட்டைக் கொடுக்காமல், அன்றே டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னேன். வைட்டமின் டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்; அந்த அம்மாவுக்கும் ஏறியிருந்தது. வேலூரில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். கால்சியம் மாத்திரையையும் நிறுத்தினார்கள். அந்த அம்மா தேறிவிட்டார், ஆனால் மெதுவாகத்தான். பி காம்ப்ளக்ஸ் மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். டி கொழுப்பில் தங்கிவிடும்.

ஒரு நாளைக்கு நமக்குத் தேவை சுமார் 600 யூனிட். அவர் கொடுத்தது அதைப்போல் நூறு மடங்கு.

வெயில் பட்டால் தோலே டி தயாரிக்குமே, எங்கள் பக்கம் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்பார்கள். அந்த அம்மா காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றியவர். வயதாக ஆகத் தோல் டி தயாரிக்கும் திறனும் குறைகிறது. ஆகவே குறைபாடு உண்மை, மருந்தும் தேவைதான். கூடக் கொடுத்தால் எலும்பு கூடுதலாக உறுதிப்படும் என்ற நம்பிக்கையைத்தான் எதிர்க்கிறேன். ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் எலும்பு முறிவதும் அதிகமாயின என்று 2010இல் முடிவு வந்தது.

இப்போது ஒவ்வொரு பாக்கெட்டிலும் கிழமையும் தேதியும் தமிழில் எழுதித்தான் கொடுக்கிறேன். பலரும் வெள்ளிக்கிழமை கேட்கிறார்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.