டப்ளின் போஸ்ட் ஆபீஸுக்குள் 1916

டப்ளின் ஓ'கானல் தெரு ஜெனரல் போஸ்ட் ஆபீஸுக்கு நான் அதுவரை தபால் அனுப்பத்தான் போயிருந்தேன். 1916-ல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அயர்லாந்தில் நடந்த ஈஸ்டர் எழுச்சியில் கிளர்ச்சிக்காரர்கள் பிடித்துவைத்திருந்த கட்டடம் அது. உள்ளேயே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. மகனுக்கு ஒன்பது வயதில் கூட்டிப்போனேன். வாசல் தூண்களில் குண்டு பட்ட பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளேயே வந்தான்.

உள்ளே தொடுதிரை, மோர்ஸ் தட்டும் கருவி, பெரிய திரையில் சண்டைப் படம். படத்தில் பீரங்கிச் சத்தம் கொஞ்சம் அதிகம். காதைப் பொத்திக்கொண்டே பார்த்தான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அயர்லாந்தைக் குடியரசாக அறிவித்த பிரகடனத்தின் அசல் தாள். "அப்பா, இந்த 'E' மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்றான். காரணம் அச்செழுத்துப் பஞ்சம்தான். எழுச்சிக்கு முந்தின நாள் லிபர்ட்டி ஹால் என்ற தொழிற்சங்கக் கட்டடத்தில் ரகசியமாக அடித்தார்கள். ஈய எழுத்து போதவில்லை. மேல்பாதியை அடித்து, கோத்ததைக் கலைத்து, அதே எழுத்துகளை வைத்துக் கீழ்ப்பாதியைக் கோத்து, தாளை மறுபடி ஓட்டினார்கள். தீர்ந்துபோன எழுத்துக்கு வேறு அச்சிலிருந்து எடுத்துப் போட்டார்கள். ஒரு இடத்தில் 'F' எழுத்தில் அரக்கு ஒட்டி 'E' ஆக்கினார்களாம்! மறுநாள், ஏப்ரல் 24, எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான பாட்ரிக் பியர்ஸ் இந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று வாசித்தது இதைத்தான்.

எழுச்சி நடந்த அந்த வாரம் இறந்தவர்கள் 485 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் பொதுமக்கள். முற்றத்தில் வழவழப்பான கறுப்புச் சுண்ணாம்புக்கற்கள் கிடக்கின்றன, இறந்த 40 சிறுவர் சிறுமியர் நினைவாக. அவர்களில் தள்ளுவண்டியில் இருந்த, மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தையும் உண்டு. மிட்டாய்க் கடைகள் சூறையாடப்படுவதைக் கேட்டுப் பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவந்த வாரம் அது. பிரகடனத்தில் தேசத்தின் எல்லாக் குழந்தைகளையும் சமமாகப் பேணுவோம் என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நேரே இங்கே வந்தால் என்னமோ பண்ணுகிறது.

மகன் கற்களை எண்ணிக்கொண்டே, "இவங்க எந்தப் பக்கம் சண்டை போட்டாங்க?" என்றான்.

"சண்டை போடலப்பா. தெருவுல இருந்தாங்க."

எண்ணிக்கை விட்டுப்போனது என்று முதலிலிருந்து ஆரம்பித்தான். வெளியே வந்தபோது கவுன்ட்டரில் வழக்கமான வரிசை. எங்களுக்கும் ஊருக்கு ஒரு கவர் அனுப்ப வேண்டியிருந்தது. நின்றோம்.