நுளம்பே இல்லாத ஊர் எங்கேயாவது இருக்கிறதா?

வெள்ளவத்தை நிலா:

இரவு பதினொன்றரைக்கு இதை எழுதுகிறேன், ஒரு கையில் நுளம்பு அடிக்கிற பேட், மறு கையில் போன். நாங்கள் இருப்பது கால்வாய்ப் பக்கம், மூன்றாம் மாடி. யன்னலைப் பூட்டினால் வெக்கை, திறந்தால் நுளம்பு. போன மாதம் தம்பி டெங்கு வந்து ஐந்து நாள் வார்டில் கிடந்தான், ஒவ்வொரு நாளும் பிளேட்லெட் எண்ணிக்கை வரும்வரை அம்மா வாயில் எதுவும் வைக்கவில்லை, பப்பாசி இலைச் சாறு கொடு என்று போன் பண்ணியவர்கள் மட்டும் ஒரு இருபது பேர் இருப்பார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை, நுளம்பே இல்லாத இடம் என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறதா? அத்தான் ஐஸ்லாந்து என்கிறார். அவர் சொல்வதில் பாதி வாட்ஸ்அப்பில் வருவது, அதனால்தான் இங்கே கேட்கிறேன். விசா எடுக்கும் எண்ணம் எல்லாம் இல்லை. பகிடி பண்ணாமல் சொல்லுங்கள்.

தெகிவளை ராசன்:

அத்தானுக்குச் செய்தி பிந்தி வந்திருக்கிறது. 2025 ஒக்டோபர் வரை அவர் சொன்னது சரி. அந்த மாதம் ரெய்க்யவிக்குக்கு வடக்கே கியோஸ் என்ற இடத்தில், அந்துப்பூச்சி பிடிப்பதற்காக ஒருவர் சிவப்பு வைனில் நனைத்துக் கட்டியிருந்த நாடாவில் மூன்று நுளம்புகள் வந்து உட்கார்ந்தன. இரண்டு பெண், ஒரு ஆண். குலிசெட்டா அனுலாட்டா என்ற இனம், குளிர்காலத்தை நிலவறையிலும் தொழுவத்திலும் ஒளிந்து கழிக்கக்கூடியது. மூன்றைப் பார்த்ததற்கே அது உலகச் செய்தி ஆனது. எங்கள் குளியலறையில் இப்போது எண்ணினால் அதைவிட அதிகம்.

இவ்வளவு காலம் ஏன் இல்லை என்பதற்குப் பலர் சொல்லும் காரணம், அங்கே குளிர்காலத்தில் நீர் ஒரேயடியாக உறைந்து கிடப்பதில்லை, உறையும், உருகும், திரும்ப உறையும். உருகியதை நம்பிக் கூட்டுப்புழு வளரத் தொடங்கினால் முடிப்பதற்குள் மறுபடி பனி மூடிவிடும். அண்டார்டிக்காவில் மட்டும் இன்னும் ஒரு நுளம்பும் இல்லை. அங்கே நிரந்தரமாகத் தரையில் வாழும் மிருகங்களில் பெரியதே இறக்கை இல்லாத ஒரு சின்னஞ்சிறு பூச்சிதான், அதுவும் கடிக்காது.

ஒஸ்லோ மச்சான்:

குளிர் என்றால் நுளம்பு இல்லை என்று யாரும் நம்பிவிடாதீர்கள். என் சித்தப்பா எண்பதுகளில் பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர், நோர்வேயின் வடக்கு உச்சி, எங்கள் ஆட்கள் நிறையப் பேர் முதலில் போய் இறங்கிய இடம். அங்கே கோடையில் சதுப்பு நிலத்துப் பக்கம் நடந்தால் வாயைத் திறக்க முடியாது, கூட்டமாக வந்து மொய்க்கும். கிரீன்லாந்திலும் அலாஸ்காவிலும் இதே கதைதான். பனி வசந்தத்தில் ஒரே தரம் உருகும், குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும், எல்லா முட்டையும் ஒன்றாகப் பொரிக்கும். "மானிப்பாயில் வயல் வெள்ளம் நிற்கிற நாளில்கூட இப்படிக் கடி வாங்கவில்லை" என்பார் சித்தப்பா. ஒரே ஆறுதல், அவை டெங்கு கொண்டு வருவதில்லை.

பம்பலப்பிட்டி வாத்தியார்:

ஒரு சேர்க்கை. ஹவாய்த் தீவுகளிலும் முன்பு நுளம்பே இல்லை. 1826 அளவில் மாவுய் தீவுக்கு வந்த கப்பலொன்றின் தண்ணீர்ப் பீப்பாய்களோடு குடம்பிகள் போய் இறங்கின என்பார்கள். அதற்குப் பிறகு பறவை மலேரியா பரவி, அந்தத் தீவுகளுக்கே உரிய குருவிகளில் பல இனங்கள் அழிந்தன, மிஞ்சியவை குளிரான மலை உச்சிகளில் ஒதுங்கி வாழ்கின்றன. நம் நாட்டுக்கு 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார அமைப்பு சான்றிதழ் தந்தது, அதற்கு முன் உள்ளூரில் கடைசியாக ஒருவருக்குத் தொற்றியது 2012இல். சான்றிதழ் நோய்க்குத்தான் பிள்ளை, நுளம்பு அப்படியே இருக்கிறது.

கொட்டாஞ்சேனை அக்கா:

தங்கச்சி, ஐஸ்லாந்தை விடு. டெங்குப் பரிசோதனைக்கு வீடு வீடாகப் போகும் வேலையில் ஆறு வருடம் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இரவு பதினொன்றரைக்கு உன்னைக் கடிப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ், கால்வாயின் அழுக்குத் தண்ணீரில் வளர்வது. தம்பிக்கு டெங்கு கொடுத்தது அது இல்லை. டெங்கைப் பரப்புவது ஈடிஸ் என்ற இனம், அது பகலில் கடிக்கும், காலையிலும் பின்னேரத்திலும் அதிகம், கால்வாய் அதற்குப் பிடிக்காது, சுத்தமான கொஞ்சத் தண்ணீர் போதும். பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து 200 மீற்றருக்கு அப்பால் போவதும் இல்லை. அப்படியென்றால் உங்கள் மாடியில், அல்லது பக்கத்துக் கட்டடத்தில்தான் எங்கேயோ பிறந்திருக்கிறது.

நாங்கள் போகும்போது எல்லோரும் வாசல் பூச்சட்டியைக் காட்டுவார்கள், அதில் ஒன்றும் இருக்காது. பிரிட்ஜுக்குப் பின்னால் கீழே ஒரு தட்டு இருக்கும், அதை இழுத்துப் பார். கூரைப் பீலி, பாவிக்காத கழிவறையின் தொட்டி, தண்ணீரில் வைத்த மணிபிளான்ட் போத்தல் எல்லாம் பார். தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, முட்டை உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் பல மாதம் உயிரோடு கிடக்கும், திரும்பத் தண்ணீர் பட்டால் பொரிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும், கிழமைக்கு ஒரு தரமாவது. புகை அடிக்கச் சொல்லி மாநகர சபைக்குப் போன் பண்ணுபவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள், புகை பறக்கிறதைத்தான் கொல்லும்.

தெகிவளை ராசன்:

நுவரெலியாவுக்குப் போய்விடலாம் என்று எழுத வந்தேன், 1,868 மீற்றர் உயரம், நான் வலை இல்லாமல் தூங்கியிருக்கிறேன். அக்கா எழுதியதைப் பார்த்ததும் எழும்பிப் போய் பிரிட்ஜ் தட்டை இழுத்தேன். தண்ணீர் இருந்தது, புழு இல்லை. ஒரு பல்லி மட்டும் செத்துக் கிடந்தது.

வெள்ளவத்தை நிலா:

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக அக்காவுக்கு. காலையில் பார்த்தேன். பிரிட்ஜ் சுத்தம், பீலியும் சரி. சாமி அறைக்கு வெளியே அம்மா ஒரு ஜாம் போத்தலில் மணிபிளான்ட் வளர்க்கிறார், வீட்டுக்குக் காசு வரும் என்று யாரோ சொன்னார்களாம். போன் டோர்ச்சை அடித்தேன், உள்ளே ஏழெட்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகின்றன. தம்பி படுக்கும் கட்டிலிலிருந்து நான்கு அடி. ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டேன். கொடியை மண்ணில் நட்டாயிற்று, ஆனால் காசு வராவிட்டால் அது என் பிழையாம்.