"மிச்சமெல்லாம் எனக்கு"ன்னு பிரிட்ஜ் ஆட்டத்துல சீட்டை விரிச்சு கிளெய்ம் பண்ணினவங்க (மிச்சப் பிடியெல்லாம் தனக்குன்னு கேட்டவங்க): உங்க அனுபவம்?

செம்பனைக்காரன்:
சுங்கை சிப்புட், தோட்டத்து கிளப். நாலு ஸ்பேட் காண்ட்ராக்ட் (ஸ்பேட்தான் துருப்பு, பத்துப் பிடி எடுக்கணும்). ஆடினவர் ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து குமாஸ்தா) ஐயா. அஞ்சு சீட்டு மிச்சம், ஜெயிக்க அஞ்சு பிடியும் வேணும். அடுத்த சீட்டு போட வேண்டியது அவர்தான். அவர் கையில: ஸ்பேட் கிங், ஹார்ட் ஏஸ் கிங், டைமண்ட் ஏஸ் கிங். விரிச்சு வச்சு "மிச்சமெல்லாம் எனக்கு"ன்னார். துருப்பைப் பத்திப் பேச்சே இல்ல. என் கையில ஸ்பேட் 5, மத்ததெல்லாம் கிளப் சீட்டு. அந்த 5ஐக் காட்டினேன். அவர் கிங்கைத் தட்டி, "இதைத்தானே தம்பி முதல்ல போடுவேன்"னார். டைரக்டர் (ஆட்ட நடுவர்) வந்து ஒரு பிடியை எங்களுக்குக் கொடுத்தார், காண்ட்ராக்ட் போச்சு. அந்தக் குரல் இன்னும் காதுல நிக்குது. தீர்ப்பு சரியா?

லயத்துப் பொண்ணு:
சரியில்ல. தோட்டத்துக் கணக்கெல்லாம் எழுதினவர் பதிமூணு துருப்பை எண்ண மாட்டாரா? ஈப்போவில எனக்கு நடந்ததுதான் அநியாயம். கிளப் குவீன் யார்கிட்டன்னு தெரியாமலே கிளெய்ம் பண்ணிட்டு, நான் குவீனைக் காட்டினதும் "உங்க பக்கம்தான் ஃபினெஸ் பண்ணியிருப்பேன்"னார் ஒருத்தர், அதாவது குவீன் என்கிட்டதான்னு வச்சு ஆடியிருப்பாராம். டைரக்டர் ஒத்துக்கல. ஐயா அந்த மாதிரி இல்ல.

பழைய டைரக்டர்:
தங்கச்சி, ஐயாவோட நேர்மையை யாரும் கேட்கல. பிரிட்ஜ் விதிகள்ல சட்டம் 70 மூணு விஷயம் பார்க்குது: வெளியில இருக்கிற துருப்பைப் பத்தி அவர் சொன்னாரா, அதை மறந்திருக்க வாய்ப்புண்டா, சாதாரணமா ஆடினா ஒரு பிடி போகுமா. கவனக்குறைவா ஆடுறதும் சாதாரணத்துலதான் சேரும். டைமண்ட் ஏஸை முதல்ல போட்டா 5 வெட்டிடும். சந்தேகம்னா கிளெய்ம் பண்ணினவருக்கு எதிராத்தான்.

எல்லாருக்கும் சொல்றேன். விரிக்கும்போதே வரிசையைச் சொல்லுங்க: "ஒரு துருப்பு வெளியே, கிங்கால எடுக்கிறேன், அப்புறம் ஹார்ட், டைமண்ட்." எதிராளி ஒத்துக்கலன்னா சண்டை வேணாம், டைரக்டரைக் கூப்பிடுங்க. 2017 சட்டப்படி எதிர்ப்பக்கம் கேட்டு, நாலு பேரும் சம்மதிச்சா தொடர்ந்து ஆடலாம். ஆடிட்டா அதுல வந்ததுதான் கணக்கு, கிளெய்ம் செல்லாது. ஒருத்தர் மறுத்தாலும் சீட்டைத் தொடாதீங்க. தீர்ப்பு வரைக்கும் நாலு கையும் மேசையிலயே இருக்கட்டும், கலைச்சுட்டா யாராலயும் சரியா சொல்ல முடியாது.

லயத்துப் பொண்ணு:
அண்ணே, மறக்கவே இல்லன்னா?

செம்பனைக்காரன்:
ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. ரெண்டு சுத்து துருப்பு எடுத்துட்டு, மூணாவது எடுக்காம வேற சீட்டுக்குப் போனார். கிங்கை மட்டும் கையிலயே வச்சிருந்தார்.

பழைய டைரக்டர்:
எல்லாம் எடுத்தாச்சுன்னு நினைச்சும் நிறுத்தியிருக்கலாம், கடைசியில எடுக்கலாம்னும் வச்சிருக்கலாம். ரெண்டுக்கும் இடம் இருக்கில்ல? அப்போ பிடி உங்களுக்குத்தான் தம்பி.