கேமரா மெமரி கார்டை அன்னிக்கே ஃபார்மட் பண்றதா, ஆல்பம் குடுக்கிற வரைக்கும் வச்சிருக்கிறதா?

கெடிலக்கரை:
அண்ணனுங்களுக்கு வணக்கம். கடலூர்ல ஒரு ஸ்டுடியோவுல ரெண்டாவது கேமரா நான். நேத்து திருவந்திபுரத்துல முகூர்த்தம். 64 ஜிபி கார்டு நாலும் ரொம்பிடுச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஒரு ஹார்ட்டிஸ்க்லயும் போட்டாச்சு. ஆனா ஓனர் கார்டைத் தொட விடமாட்டேங்கறார். ஆல்பம் கைக்குப் போன பிறகுதான் ஃபார்மட்டாம். பொண்ணு வீட்டுல போட்டோ செலக்ட் பண்ணவே ரெண்டு மாசம் ஆக்குவாங்க. இவர் சொல்றது சரியா?

முத்தியால்பேட்டை கேண்டிட்:
பழைய பயம் அது. ரெண்டு காப்பி சரியா இறங்கியிருந்தா அன்னிக்கு ராத்திரியே ஃபார்மட் போட்டுடலாம். அதையும் கேமராவுலயே போடுங்க, கம்ப்யூட்டர்ல வேணாம். கார்டு டவுன் பஸ் மாதிரி. ஏறினோமா, இறங்கினோமான்னு இருக்கணும். அதுல குடித்தனம் நடத்தக் கூடாது.

மஞ்சக்குப்பம் நெகட்டிவ்:
தம்பி, 36 படம் ரோல் போட்டு கல்யாணம் எடுத்தவன் நான். பிரிண்ட் போட்டதும் நெகட்டிவைக் குப்பையில போட்டோமா? 2011 டிசம்பர் 30, தானே புயல் அன்னிக்கு எங்க ஸ்டுடியோ ஷீட்டு பறந்துடுச்சு. கம்ப்யூட்டர் மேல விடிய விடிய மழை. கரண்ட் எப்ப வரும்னே தெரியல, வந்தாலும் அது உசுரோட இருக்குமான்னும் தெரியல. அந்த வாரத்துக் கல்யாணம் பொழைச்சது என் சட்டைப் பையில இருந்த கார்டாலதான். நீங்க பஸ்ஸுங்கறீங்க.

முத்தியால்பேட்டை கேண்டிட்:
அண்ணே, நெகட்டிவ் ஒண்ணே ஒண்ணு, அது போனா போனதுதான். டிஜிட்டல்ல அப்படி இல்ல. காப்பி ஒழுங்கா இறங்கினா அதுவும் ஒரிஜினல்தான். ஒழுங்கா இறங்கிச்சாங்கறதுதான் கேள்வி. அதைக் கண்ணால பாத்துச் சொல்ல முடியாது.

நானே பட்டிருக்கேன். ஆட்டம் காட்டுற யூஎஸ்பி கேபிள்ல ஒரு ரிசப்ஷனை ஏத்தினேன். ஃபோல்டரைத் திறந்தா குட்டிக் குட்டிப் படமா எல்லாம் பளிச்சுனு தெரியுது. எண்ணிக்கையும் சரி. மறுநாள் ஒரு ரா ஃபைலை, அதான் கேமரா சுருக்காம அப்படியே பதியற மூலப் படத்தை, திறந்தா, மாப்பிள்ளை மார்புக்குக் கீழ ஒரே சாம்பல் பட்டை. ரா ஃபைலுக்குள்ள கேமராவே ஒரு சின்ன ஜேபெக் வச்சிருக்கும். ஃபோல்டர்ல நான் பாத்தது அதைத்தான். உள்ள இருக்கிற சரக்கு பாதியில அறுந்தது அதுல தெரியல.

அன்னியிலிருந்து செக்சம் இல்லாம காப்பி கிடையாது. ஒவ்வொரு ஃபைலையும் முழுசாப் படிச்சு அதுக்கு ஒரு எண் போடும். கார்டுல வர்ற எண்ணும் டிஸ்க்ல வர்ற எண்ணும் ஒத்துப்போனா ரெண்டும் ஒண்ணு. கட் பேஸ்ட் மட்டும் பண்ணவே பண்ணாதீங்க.

மஞ்சக்குப்பம் நெகட்டிவ்:
அந்த ரிசப்ஷனை எதுல இருந்து மீட்டீங்க?

முத்தியால்பேட்டை கேண்டிட்:
…கார்டுல இருந்துதான்.

மஞ்சக்குப்பம் நெகட்டிவ்:
அவ்வளவுதான் கேட்டேன்.

ரெயின்போ நகர்:
ரெண்டு பேரும் கார்டையே புடிச்சுட்டுத் தொங்குறீங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் வந்தப்போ புதுச்சேரில 24 மணி நேரத்துல 48 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. என்கிட்ட காப்பி ரெண்டு இருந்துச்சு. ரெண்டு ஹார்ட்டிஸ்க், ஒரே மேஜை, ஒரே கீழ் டிராயர். காலையில டிராயரை இழுத்தா தண்ணி தளும்புது, மேல ஒரு சார்ஜர் மிதக்குது. கார்டை அதுக்கு முன்னாடியே ஃபார்மட் போட்டுட்டேன். கடைசியில பொண்ணோட தம்பி ஸ்டேட்டஸ் போடக் கேட்டான்னு பென் டிரைவ்ல குடுத்த ஜேபெக்கை வச்சு ஆல்பம் ஒப்பேத்தினேன்.

பீட்டர் குரோக்னு ஒரு அமெரிக்க போட்டோகிராஃபர் பரப்பின கணக்குதான்: 3 காப்பி, 2 வகைச் சாதனம், 1 வேற இடம். அந்தக் கடைசி 1-ஐத்தான் நம்ம ஊர்ல யாரும் மதிக்கிறதில்ல. இப்ப வாரம் ஒருக்கா ஒரு டிஸ்க் மாமியார் வீட்டு ரெண்டாவது மாடிக்குப் போயிடுது. மாமியாருக்கு அது என்னன்னே தெரியாது. பீரோவுல பட்டுப்புடவைக்கு நடுவுல பத்திரமா இருக்கு.

கெடிலக்கரை:
வேற இடம்னா கிளவுட் போதாதா?

முத்தியால்பேட்டை கேண்டிட்:
நேத்து எடுத்தது 200 ஜிபிக்கு மேல இருக்கும். உங்க லைன்ல அப்லோடு 50 எம்பிபிஎஸ் கிடைச்சாலும் கிட்டத்தட்ட 9 மணி நேரம் ஆகும். 10தான் வருதுன்னா ரெண்டு நாள் ஓடும். கரண்ட் போனா கதை வேற. செலக்ட் ஆன படங்களை ஏத்துங்க, மொத்தத்தையும் டிஸ்க்ல அனுப்புங்க.

இன்னொண்ணு. ரெண்டு கேமராவையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டாதீங்க. 9999க்கு அப்புறம் நம்பர் திரும்ப 0001லயிருந்து வரும், ரெண்டு கேமராவுலயும் ஒரே பேர் இருக்கும். "மாத்தவா?"ன்னு கம்ப்யூட்டர் கேக்கும், தூக்கக் கலக்கத்துல ஆமான்னு அமுக்குவோம், தாலி கட்டு போயிடும். வருஷம், மாசம், தேதி, ஊர், கேமரா நம்பர்னு ஃபோல்டர் பேர் வைங்க.

மஞ்சக்குப்பம் நெகட்டிவ்:
இதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா மூணாவது காப்பி வேற வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் கார்டுதான்யா மூணாவது காப்பி. ரெண்டு மாசம் வேணாம், விட்டுக்குடுக்கறேன். ஒரு வாரம் வைங்க.

முத்தியால்பேட்டை கேண்டிட்:
மூணு நாள். அதுக்குள்ள டிஸ்க் போய்ச் சேரலன்னா அது சோம்பேறித்தனம்.

கெடிலக்கரை:
அண்ணே, மூணு நாளோ ஒரு வாரமோ, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு பண்ருட்டில கல்யாணம். கையில காலி கார்டு ஒண்ணு கூட இல்ல.

மஞ்சக்குப்பம் நெகட்டிவ்:
கடை ஒன்பது மணி வரைக்கும் இருக்கும். ஓனர்கிட்ட காசு வாங்கிட்டுக் கெளம்பு.

ரெயின்போ நகர்:
பில்லையும் வாங்கு தம்பி, போலி கார்டு நிறைய சுத்துது. 64னு போட்டிருக்கும், உள்ள 8 கூட இருக்காது.