புதிய டிராம்போனில் சுருதி ஏறுகிறது, மேல் சி நிற்கவில்லை – உதவி தேவை

ஆலயபேண்டு
எல்லோருக்கும் வணக்கம். அவசரம், மூன்று வாரத்தில் கீதபவனி. பழைய டிராம்போனில் ஆறு வருடமாக ஊதுகிறேன், ஒரு தொல்லையும் இல்லை. போன வாரம் பெரிய டிராம்போன் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதில் சுருதி ஏறுகிறது. மேல் சி பிடித்தால் நிற்பதில்லை, பக்கத்து ஸ்வரத்துக்கு வழுக்கிவிடுகிறது. நாதமும் மெலிந்து, காற்று கலந்து வருகிறது. பாமாலைக்குப் பெரியது, கல்யாண ஊர்வலத்துக்குப் பழையது என்று கணக்குப் போட்டுத்தான் பணம் கொடுத்தேன். மவுத்பீஸ் மாற்ற வேண்டுமா? எந்த எண்?

ஏழாம்நிலை
என்ன மாடல் தம்பி? பழையது எது, புதியது எது? எஃப் அட்டாச்மென்ட் (கட்டைவிரல் வால்வால் திறக்கும் கூடுதல் குழாய்) உண்டா? சுருதி எவ்வளவு ஏறுகிறது? இப்போது எந்த மவுத்பீஸ்? இவை தெரியாமல் எண் சொன்னால் உங்கள் பணம்தான் வீண்.

பித்தளைமனம்
இது பழைய ஹை பிட்ச் கருவி, அதாவது இன்றைய ஏ = 440 ஹெர்ட்ஸ் சுருதியைவிட உயரமாகச் செய்தது, எனக்குச் சந்தேகமே இல்லை. பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகள் 1960களின் நடுப்பகுதி வரை ஏ = 452 ஹெர்ட்ஸ் அளவில்தான் ஊதின. இரட்சணிய சேனை வழியாகவும் மிஷன் வழியாகவும் வந்த கருவிகள் நம் பக்கத்து ஆலயங்களில் இன்னும் கிடக்கின்றன. நானே இரண்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். சுருதி சரிசெய்யும் ட்யூனிங் ஸ்லைடை எவ்வளவு இழுத்தாலும் இறங்காது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூத்தகார்னெட்
இந்தக் கேள்வி புதிதல்ல. டிராம்போனில் மேல் சி என்பது எளிதாக வந்துவிடும் ஸ்வரமா? ஆறு வருடம் ஊதியதாகச் சொல்கிறீர்கள், அந்த ஆறு வருடத்தில் தினமும் அரை மணி நேரம் நீள ஸ்வரம் ஊதியிருந்தால் இங்கே வந்திருக்க மாட்டீர்கள். உதடு பலப்படாமல் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் நாற்பது ஆண்டுகளாக ஒரே மவுத்பீஸில் ஊதுகிறேன்.

ஆலயபேண்டு
பழையது யமஹா 354. புதியதில் பெல்லின் (விரிந்த வாய்) மேல் எழுத்து தேய்ந்துவிட்டது, பெயர் படிக்க முடியவில்லை. கட்டைவிரல் வால்வு இருக்கிறது. ட்யூனரில் 15 சென்ட் (ஒரு செமிடோனுக்கு 100 சென்ட்) ஏறிக் காட்டுகிறது. மவுத்பீஸ் எப்போதும் ஊதுவதுதான், மாற்றவில்லை.

ஏழாம்நிலை
“எப்போதும் ஊதுவது” என்றால் எது? தண்டில் எண் வெட்டியிருக்கும், பாருங்கள். இன்னொன்று: நீங்கள் சொல்லும் சி, பேண்டு புத்தகத்தில் ட்ரெபிள் கிளெஃபில் (எந்தக் கோட்டில் எந்த ஸ்வரம் என்று காட்டும் குறி) எழுதியிருக்கும் சி-யா?

ஆலயபேண்டு
ஆமாம், ட்ரெபிள். மவுத்பீஸ் 12சி.

ஏழாம்நிலை
அப்படியானால் அது ஒலிப்பில் பி ஃப்ளாட்; பேண்டு புத்தகத்து ட்ரெபிளில் எழுத்து ஒன்று, ஒலிப்பு வேறு. ஸ்லைடை இழுக்காத முதல் நிலையிலேயே வர வேண்டிய ஸ்வரம். மூத்தகார்னெட் ஐயா ஒலிப்பு சி என்று எடுத்துக்கொண்டுவிட்டார். பழைய கருவியில் அதே ஸ்வரம் நிற்கிறது என்றால் உங்கள் உதட்டில் குறை இல்லை.

குறை மவுத்பீஸ் தண்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். டிராம்போன் மவுத்பீஸ் தண்டு பெரும்பாலும் இரண்டு அளவில் வரும்: சிறிய ஷாங்க், பெரிய ஷாங்க். 354-இன் குழாய் விட்டம் 12.7 மி.மீ., அதற்குச் சிறிய ஷாங்க். உங்கள் 12சி அதற்கு ஏற்றதுதான். கட்டைவிரல் வால்வுடன் வரும் பெரிய டெனர், பாக் 42, கான் 88ஹெச் போன்றவை, 13.9 மி.மீ. குழாய் கொண்டவை. அவற்றுக்குப் பெரிய ஷாங்க் வேண்டும்.

இப்போதே ஒரு சோதனை. மவுத்பீஸைச் செருகி, தண்டு உள்ளே நுழையும் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு வெளியே எடுங்கள். சரியான மவுத்பீஸ் ஏறத்தாழ 2.5 செ.மீ. போய் இறுகி நிற்கும். உங்களுடையது அதைவிட ஆழமாகப் போயிருக்கும். செருகிய நிலையில் இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள், லேசாக ஆடும். அந்த இடுக்கில்தான் காற்று கசிகிறது. தண்டின் முனை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததால் மேல் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று வரிசை தப்புகின்றன.

பித்தளைமனம்
சுருதி ஏறுவதற்கு ஷாங்க் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை.

ஏழாம்நிலை
கணக்குப் போட்டுப் பாருங்கள் அண்ணா. பி ஃப்ளாட் டிராம்போனின் மொத்தக் குழாய் ஏறத்தாழ 2.7 மீட்டர். மவுத்பீஸ் 2.5 செ.மீ. கூடுதலாக உள்ளே போனால் நீளம் ஒரு சதவீதம் போலக் குறைகிறது. அதற்குச் சுருதி 16 சென்ட் ஏறும். தம்பி சொன்னது 15. ஹை பிட்ச் கருவியாக இருந்தால் 440-க்கும் 452-க்கும் இடையே செமிடோனில் ஏறத்தாழ பாதி, அதாவது 45 சென்டுக்கு மேல் ஏறியிருக்க வேண்டும்.

வால்வுஎண்ணெய்
கட்டைவிரலால் அழுத்தும் ரோட்டரி வால்வில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எஃப் பக்கத்து ட்யூனிங் ஸ்லைடை, வால்வை அழுத்தாமல் வெளியே உருவிவிட்டு ஊதுங்கள். அந்தக் குழாயில் காற்று வந்தால் வால்வு தேய்ந்திருக்கிறது. செகண்ட் ஹேண்டில் இதுதான் முதலில் போகும்.

மெல்லிசைமேடை
எண் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் இரண்டு வகையும் ஊதுகிறேன். ஊர்வலத்தில் திறந்த வெளி, பக்கத்தில் டிரம், முன்னால் டிரம்பெட். அங்கே 12.2 முதல் 12.9 மி.மீ. வரையுள்ள சின்னக் குழாய்தான் வெட்டிக்கொண்டு போகும். ஜாஸில் ஜே. ஜே. ஜான்சன் போன்றவர்கள் ஊதிய கிங் 3பி டிராம்போன் கூட 12.9 தான். மூச்சும் குறைவாகப் போதும், மூன்று மணி நேரம் நடந்து ஊதலாம். ஆலயத்துக்குள் நான்கு குரல் பாமாலைக்கு அந்த நாதம் தனியாகத் துருத்தும். பெரிய குழாய், மவுத்பீஸில் ஆழமான கப் (கிண்ணம்) என்றால்தான் யூஃபோனியத்தோடு குழைந்து போகும்.

எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. பாக் கம்பெனி மவுத்பீஸில் எண் சிறியதானால் விளிம்பின் விட்டம் பெரியது: 12சி 24.5 மி.மீ., 6½ஏஎல் 25.4, 5ஜி 25.5, பேஸ் டிராம்போனுக்கான 1½ஜி 27. யமஹாவில் தலைகீழ், எண் ஏற ஏற விளிம்பும் பெரிதாகும். 12சி-யிலிருந்து நேரே 4ஜி-க்குத் தாவிவிடாதீர்கள், உதடு பல மாதம் திணறும். 6½ஏஎல் சிறிய ஷாங்கிலும் வருகிறது, பெரிய ஷாங்கிலும் வருகிறது. இரண்டும் வாங்கி, ஒரு டிராம்போனுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உதட்டுக்கு விளிம்பு மாறாமல் இருப்பதுதான் முக்கியம். சனிக்கிழமை ஊர்வலம், ஞாயிறு ஆராதனை என்று ஓடுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

மூத்தகார்னெட்
ட்ரெபிள் கிளெஃபில் டிராம்போன் படிப்பதே இந்தக் குழப்பத்துக்கெல்லாம் மூலம். டிராம்போன் பேஸ் கிளெஃப் கருவி. முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

சேனைப்பிள்ளை
ஐயா, மன்னிக்க வேண்டும். பிரிட்டிஷ் பித்தளை பேண்டு மரபிலும் இரட்சணிய சேனையிலும் டெனர் டிராம்போன் ட்ரெபிள் கிளெஃபில்தான். பேஸ் டிராம்போன் மட்டும் பேஸ் கிளெஃப். கார்னெட் ஊதும் பையன் நாளை ஹார்னுக்கோ யூஃபோனியத்துக்கோ மாறினாலும் அதே எழுத்து, அதே விரல். என் அப்பா எங்கள் ஊர் பேண்டை அப்படித்தான் வளர்த்தார். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் அவர் இடத்தில் உட்கார்ந்துவிடுவார்.

மூத்தகார்னெட்
விரல் ஒன்று என்கிறீர்கள், டிராம்போனில் விரல் எங்கே இருக்கிறது? அந்தப் பையன் நாளை ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தால் பேஸ் கிளெஃபும் டெனர் கிளெஃபும் முன்னால் வைப்பார்கள். அன்று அவன் தலைகுனிந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், அந்த வருத்தத்தில் சொல்கிறேன்.

சேனைப்பிள்ளை
பி ஃப்ளாட் ட்ரெபிள் படிக்கிறவனுக்கு டெனர் கிளெஃப் பாதி வந்த மாதிரி. கோட்டில் ஸ்வரம் அதே இடத்தில்தான் உட்காரும், ஷார்ப், ஃப்ளாட் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் அப்படியே மாறியிருக்கிறார்கள்.

ஏழாம்நிலை
கிளெஃபுக்குத் தனி இழை தொடங்குங்கள். தம்பி, மவுத்பீஸ் வாங்குவதற்கு முன் உறுதி செய்ய ஒரு வழி: 12சி தண்டைச் சுற்றி எழுதும் தாளை ஒன்றிரண்டு சுற்று, 2.5 செ.மீ. ஆழத்தில் இறுகி நிற்கும் வரை சுற்றி ஊதிப் பாருங்கள். சோதனைக்கு மட்டும்தான். முடிந்தால் உள் ஸ்லைடு குழாயின் கீழ்முனையில் உள்விட்டத்தையும் அளந்து சொல்லுங்கள். பழைய கான் 88ஹெச் சிலவற்றில் ரெமிங்டன் ஷாங்க் என்று சரிவே வேறாக இருக்கும், அதனால் கருவியைக் கையோடு எடுத்துப் போய்ச் செருகிப் பார்த்து வாங்குவது நல்லது.

ஆலயபேண்டு
பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியர் வாங்கி அளந்தேன், 13.9. பென்சில் கோடு 4.8 செ.மீ.-இல் இருந்தது. நோட்டுத் தாள் இரண்டு சுற்று சுற்றினேன். மேல் சி நின்றது, ட்யூனர் நடுவில் வந்துவிட்டது. வால்வில் கசிவு இல்லை. 6½ஏஎல் இரண்டு ஷாங்கிலும் சொல்லிவைத்திருக்கிறேன். அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. ஏழு மணிக்குப் பயிற்சி, கிளம்புகிறேன்.

பித்தளைமனம்
நல்லது. ஆனாலும் பெல்லில் தேய்ந்த எழுத்தைப் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி, எந்த ஊர்க் கருவி என்று பார்க்க வேண்டும்.