ஜெர்மனியில் படிக்கும்போது சாப்பிட்டதும் சுற்றியதும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆகனிலிருந்து (முதுகலை மாணவன், சொந்த ஊர் மதுரை)

ஜெர்மனிக்குப் படிக்க வருகிறவர்களுக்கு விசா, வங்கி முடக்கக் கணக்கு (படிப்புக் காலச் செலவுக்குப் பணத்தைப் போட்டு முடக்கி வைப்பது), வீடு தேடுவது எல்லாம் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வந்து இறங்கிய பிறகு எங்கே போய் என்ன சாப்பிட்டு ஊரைப் பார்ப்பது என்று கேட்டால், ஏதோ ஒரு இந்திய மளிகைக்கடையின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை ஆரம்பிக்கிறேன். ஓட்டல் பட்டியல் வேண்டாம். எந்தக் கிழமை, எந்த நேரத்துக்குப் போனால் குறைந்த காசில் வயிறும் நிறையும், ஊரும் பிடிபடும் என்று எழுதுங்கள். என் கணக்கில் இந்த நாட்டில் எங்கே போகிறோம் என்பதைவிட எப்போது போகிறோம் என்பதுதான் பெரிய விஷயம்.

முதலில் மென்சா. பல்கலைக்கழக உணவுக்கூடத்துக்கு அதுதான் பெயர். ஒரே சாப்பாட்டுக்கு மாணவருக்கு ஒரு விலை, ஊழியருக்கு ஒரு விலை, வெளியாளுக்கு ஒரு விலை. நமக்கு மூன்று, நான்கு யூரோவில் மதியம் முடிந்துவிடும். மெனுவில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பன்றி, மாடு, கோழி என்று குறி போட்டிருப்பார்கள். குழம்பில் ஒயின் ஊற்றியிருந்தால் அதற்கும் குறி உண்டு. அதைப் படிக்கப் பழகிவிட்டால் சைவக்காரர்களுக்கும் பயமில்லை. என்னை அசரவைத்தது வேறு. சில நாள் இனிப்புதான் சாப்பாடே. அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, மேலே சூடான செர்ரிப் பழமோ, சர்க்கரையும் பட்டைத்தூளுமோ போட்டு, ஆழமான தட்டு நிறையக் கொடுப்பார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அதை மட்டும் நிதானமாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். பந்தியில் பாயசத்தை முதலில் பரிமாறி, அதோடு இலையையும் எடுத்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. இப்போது நானும் சாப்பிடுகிறேன், ஆனால் பையில் ஊறுகாய் பாட்டில் இருக்கும்.

அடுத்தது டிக்கெட். நாடு முழுக்கச் செல்லும் செமஸ்டர் டிக்கெட் பல பல்கலைக்கழகங்களில் 2024-லிருந்து இருக்கிறது. அதிவேக ரயில்களில் செல்லாது. ஆனால் உள்ளூர் பஸ், டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். மெதுவாகப் போகும், வழியில் நிற்கும், சில நேரம் நின்றேவிடும். அவசரம் இல்லாதவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் அன்று கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். சூப்பர் மார்க்கெட் கிடையாது, துணிக்கடை கிடையாது. பேக்கரி காலையில் சில மணி நேரம், பெரிய ரயில் நிலையத்துக் கடைகள், டோனர் (சுழலும் கம்பியில் வெந்த இறைச்சியைச் சீவி ரொட்டிக்குள் வைத்துத் தருவது) கடைகள், அவ்வளவுதான். சனிக்கிழமை மாலை வந்து இறங்குகிறவர்கள் நேராகக் கடைக்குப் போய்விட்டு அப்புறம் அறைக்குப் போங்கள்.

ஆகனில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. பெல்ஜியமும் நெதர்லாந்தும் பக்கத்துத் தெரு தூரம். இங்கே ஊரே தூங்கும் ஞாயிறு காலையில்தான் பெல்ஜியத்தின் லீஜ் நகரில் மியூஸ் ஆற்றங்கரையில் லா பாத் சந்தை கூடுகிறது. சாதாரண ரயிலில் நடுவே ஒரு தடவை மாறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம். எல்லைக்கு அப்பால் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். இறங்கும் லீஜ்-கியோமேன் நிலையமே பார்க்க வேண்டியது. சாண்டியாகோ கலாட்ராவா வடிவமைத்து 2009-ல் திறந்தார்கள். எஃகும் கண்ணாடியுமாக ஒரு பெரிய கூரை, முகப்புச் சுவர் என்று ஒன்று கிடையாது.

சந்தை ஆற்றோரமாக நீண்டுகொண்டே போகும். பாலாடைக்கட்டி, ஆலிவ், கட்டுக்கட்டாகப் புதினா, சுழலும் கம்பியில் வேகும் முழுக் கோழி. அந்தக் கோழி அடுப்புகளின் அடித்தட்டில் உருளைக்கிழங்கைப் பரப்பி வைத்திருப்பார்கள். மேலிருந்து கோழிக்கொழுப்பு சொட்டச் சொட்ட அது வேகும். கோழிக்குக் காசில்லாத நாளில் கிழங்கு மட்டும் ஒரு பொட்டலம் வாங்கினால் போதும். பகல் இரண்டு மணிவாக்கில் மூட்டை கட்ட ஆரம்பிப்பார்கள், அப்போது பழங்கள் விலை சரியும்.

வாஃபிளை விட்டுவிட்டால் லீஜ் போனதே கணக்கில் வராது. பிரஸ்ஸல்ஸில் கிடைக்கும் லேசான நீள்சதுர வாஃபிள் வேறு, இது வேறு. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த கெட்டி மாவு. அதில் கல்கண்டு போன்ற சர்க்கரைக் கட்டிகளைக் கலந்து இரும்பு அச்சில் வைத்து அழுத்துவார்கள். ஓரத்தில் இருக்கும் சர்க்கரை உருகிக் கருகி மொறுமொறுவென்று ஒட்டிக்கொள்ளும், நடுவில் இருப்பது பாதி உருகிக் கடிபடும். மேலே சாக்லேட், கிரீம் எதுவும் வேண்டாம், சுடச்சுட அப்படியே சாப்பிடுங்கள். பிறகு 374 படிகள் கொண்ட மொந்தாஞ் த ப்யூரன் படிக்கட்டில் ஏறினால் தின்றது கரைந்துவிடும். மேலே நின்றால் முழு ஊரும் தெரியும்.

சரி, மற்றவர்கள் சொல்லுங்கள்.

பெர்லினிலிருந்து (முனைவர் பட்ட மாணவி, சென்னை)

நேரம்தான் முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. பெர்லினில் ஞாயிறும் அவ்வளவு மோசமில்லை, சொல்கிறேன்.

பெர்லின் என்றதும் எல்லோரும் டோனர் என்பார்கள். 1961-ல் துருக்கியோடு செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தம் வழியாக வந்த குடும்பங்கள்தான் அதை இந்த ஊர்ச் சாப்பாடாகவே ஆக்கியவர்கள். நல்லதுதான். ஆனால் விலை இப்போது ஏழு யூரோவைத் தொடுகிறது. 2024-ல் இடதுசாரிக் கட்சி டோனருக்கு விலை உச்சவரம்பு வைக்கச் சொல்லிக் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. மாணவர்கள் தினமும் தின்னும் காலம் போச்சு.

என் சிபாரிசு, செவ்வாய் அல்லது வெள்ளி மாலை மைபாஹூஃபர் சந்தை. ஷோன்லைன்ஸ்ட்ராஸே நிலையத்தில் இறங்கினால் கால்வாய்க் கரையோரம் துருக்கியக் கடைகள். ஐந்து மணிக்கு மேல் போங்கள். கடையைக் கட்டும் நேரத்தில் வியாபாரிகள் கத்தும் கத்தலில் கோயம்பேடு நினைவு வரும். ஒரு பெட்டி தக்காளி ஒரு யூரோ, ஒரு பை நிறைய குடைமிளகாய் ஒரு யூரோ. அடியில் இரண்டு அழுகியிருக்கும், அதுவும் கோயம்பேடுதான்.

அங்கே கோஸ்லெமே என்ற துருக்கிய ரொட்டி போடும் ஒரு அம்மாவின் கடையில் வேடிக்கை பார்த்தே நேரம் போய்விடும். நம் பூரிக்கட்டையில் கால்வாசிப் பருமன்கூட இல்லாத நீளமான குச்சி. அதில் மாவைச் சுற்றி, உருட்டி, விரித்து, கால் வட்டம் திருப்பி மறுபடி சுற்றுவார். நான்கைந்து சுற்றில் மாவு மேசை அகலத்துக்கு விரிந்து, அடியில் இருக்கும் பலகை தெரியும் அளவுக்கு மெலிந்துவிடும். கீரையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் தூவி, மடித்து, குவிந்த இரும்புக்கல்லில் போடுவார். என் ஜெர்மன் அவருக்குப் புரியாது, அவருடைய ஜெர்மன் எனக்குப் புரியாது. காரமா என்று கேட்க மிளகாய்த்தூள் டப்பாவைத் தூக்கிக் காட்டுவார், நான் இரண்டு விரல் காட்டுவேன்.

காரம் என்றதும் பிரோய்சன்பார்க். வில்மர்ஸ்டோர்ஃப் பகுதியில் ஒரு பூங்கா. 1990-களில் தாய்லாந்துப் பெண்கள் வார இறுதியில் புல்தரையில் பாய் விரித்து உட்கார்ந்து சமைத்து விற்க ஆரம்பித்தார்கள். இப்போது ஒழுங்கான கடைகளாகிவிட்டது, கோடைக் காலத்து வார இறுதிகளில் மட்டும். பாய் விரித்த காலத்தைப் பார்த்தவர்கள் அது போயிற்றே என்று இன்னும் புலம்புகிறார்கள். பச்சைப் பப்பாளியை உரலில் இடித்துத் தரும் சாலட் வாங்குங்கள். ஐரோப்பாவுக்கு வந்த பிறகு முதல்தடவையாகக் கண்ணில் தண்ணீர் வந்தது அங்கேதான்.

கடைசியாக லிஷ்டன்பெர்க் பகுதியில் டோங் ஷுவான் சென்டர் என்ற வியட்நாமியச் சந்தை. கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் வியட்நாமிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை வரவழைத்தார்கள். சுவர் விழுந்ததும் ஆலைகள் மூடி, வேலை போய், திரும்பிப் போகாமல் தங்கியவர்கள் பூக்கடை, காய்கறி வியாபாரம் என்று இறங்கினார்கள். இந்தச் சந்தையும் ஒரு பழைய அரசு ஆலை வளாகத்தில்தான் இருக்கிறது. நீண்ட கொட்டகைகள், உள்ளே நகப்பூச்சிலிருந்து மீன் வரை எல்லாம். ஒரு கிண்ணம் ஃபோ (வியட்நாமிய நூடுல்ஸ் சூப்) குடித்துவிட்டு, கொத்தமல்லியும் வெண்டைக்காயும் வாங்கிக்கொண்டு டிராம் ஏறலாம். செவ்வாய் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை எங்களுக்கு இல்லை!

ஹாம்பர்க்கிலிருந்து (தூத்துக்குடிக்காரன்)

ஞாயிறு விடியற்காலை மீன்சந்தை. கோடையில் ஐந்து மணி, குளிர்காலத்தில் ஏழு மணி, ஒன்பதரைக்கு முடிந்துவிடும். 1703-லிருந்து நடக்கிறது. எழுந்து போவது கஷ்டம். இங்கே பாதிப் பேர் எழுந்து வருவதே இல்லை, ரேப்பர்பான் என்ற கேளிக்கைத் தெருவில் ராத்திரி முழுக்க ஆடிவிட்டு நேராக வருகிறார்கள். பழைய ஏலக்கூடத்துக்குள் காலை ஆறு மணிக்கு ராக் இசை, ஒரு கையில் பீர், இன்னொரு கையில் மீன் ரொட்டி.

அந்த மீன் ரொட்டி விஷயத்துக்கு வருகிறேன். மாட்யெஸ் என்பது உப்பில் பதப்படுத்திய இளம் ஹெரிங் மீன். அடுப்பையே பார்த்திருக்காது. ரொட்டிக்குள் அதை வைத்து மேலே பச்சை வெங்காயம். நான் கடல் ஓரத்தில் பிறந்தவன், மீன் என்றால் எதற்கும் தயார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். முதல் கடியில் வழுக்கிக்கொண்டு போனது, எண்ணெய்ப் பிசுக்கு, உப்பு, லேசான இனிப்பு. எனக்குப் பிடித்துவிட்டது. கூட வந்த நாகர்கோவில் நண்பன் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் ரொட்டியையும் நானே தின்றேன். அவனைப் போன்றவர்களுக்குப் பொரித்த மீன் வைத்த ரொட்டியும் உண்டு. முடியும் நேரத்தில் பழக்கூடைக்காரர்கள் கூவிக் கூவிக் கூடையில் இன்னும் இன்னும் திணிப்பார்கள். அறையில் நான்கு பேர் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

லைப்சிக்கிலிருந்து (கோவை, சைவம்)

எங்கள் ஊர் சின்னது, செலவும் குறைவு. நான் ஊரைக் கற்றுக்கொண்டது டூ குட் டூ கோ செயலியால். கடை மூடும் நேரத்தில் மிஞ்சியதை ஒரு பையில் போட்டுக் குறைந்த விலைக்குத் தருவார்கள். பையில் என்ன இருக்கும் என்று போனால்தான் தெரியும். மலிவாக இருக்கிறதே என்று எந்தெந்த மூலைக்கோ டிராம் ஏறிப் போய்ப் பழகியதில், ஊரின் பாதித் தெருக்கள் எனக்கு பேக்கரி வாசல்களாகத்தான் நினைவிருக்கின்றன. சைவக்காரர்கள் பேக்கரிப் பைகளை மட்டும் எடுங்கள், அதிலும் பன்றித் துண்டு தூவிய ரொட்டி வரலாம், பிரித்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு அது மூன்று நாள் ரொட்டி. இரண்டாம் நாள் உதிர்த்து உப்புமா தாளித்துவிடுங்கள்.

அப்படி வந்த ஒரு பையில்தான் லைப்சிகர் லெர்ஹெ கிடைத்தது. சின்னக் கிண்ண வடிவில் பிஸ்கட் மாவு, உள்ளே பாதாம் கலவை, மேலே குறுக்கே இரண்டு பட்டை மாவு. ஒரு காலத்தில் இந்த ஊரார் வானம்பாடிகளைப் பிடித்து, கட்டி, சமைத்துத் தின்றிருக்கிறார்கள். 1876-ல் அதைப் பிடிக்கத் தடை வந்தது. பேக்கரிக்காரர்கள் பறவைக்குப் பதில் இந்தப் பலகாரத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தக் குறுக்குப் பட்டைகள் பறவையைக் கட்டிய கயிறாம். முட்டை சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்கறிக்கு ஐசன்பான்ஸ்ட்ராஸே. அந்தத் தெருவைப் பற்றி ஜெர்மன்காரர்கள் பலர் பயமுறுத்துவார்கள். எனக்கு அங்கே நடந்ததெல்லாம் அரபுக் கடைக்காரர் கொசுறாகக் கொத்தமல்லி கொடுத்ததுதான்.

டோர்ட்முண்டிலிருந்து (யாழ்ப்பாணம், இங்கே வந்து பல வருடமாகிறது)

பிள்ளைகள் எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். படிக்க வந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத ஒரு சாப்பாட்டை நான் சொல்கிறேன்.

ஹம் நகரில் ஊன்ட்ரொப் என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002-ல் குடமுழுக்கு நடந்தது. சுற்றிவரக் கிட்டங்கிகளும் ஆலைகளும், நடுவில் கோபுரம். கோடையில் வருடாந்தத் திருவிழா. தேர் நாளில் ஐரோப்பா முழுவதிலும் இருந்து எங்கட ஆட்கள் வருவார்கள். காவடி, கற்பூரச்சட்டி, நாதஸ்வரம், எல்லாம் லொறி ஓடும் தார்வீதியில். தீர்த்தம் ஆடுவது பக்கத்துக் கால்வாயில். அதை முதல்தடவை பார்க்கிற ஜெர்மன் ஆட்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்படியே நிற்பார்கள். பிறகு அவர்களும் அன்னதான வரிசையில் நிற்பார்கள்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, மோர். வீதியோரக் கடைகளில் வடை, ரோல்ஸ், கச்சான் (நிலக்கடலை), பனங்கட்டியும் கிடைக்கும். இந்தியாவிலிருந்து வந்த ஒரு பொடியன் போன வருடம் எங்கட வரிசையில் நின்றவர். கறி உறைப்பு என்று தண்ணீர் கேட்டார், அதற்குப் பிறகு மூன்றாம் தரமும் சோறு கேட்டார். வறுத்து இடித்த எங்கட தூளின் வேலை அது.

செமஸ்டர் டிக்கெட் இருந்தால் ஹம் நிலையம் வரை ரயில், அங்கிருந்து பஸ். திகதி ஒவ்வொரு வருடமும் மாறும், கோயில் அறிவிப்பைப் பாருங்கள். காலையிலேயே வந்துவிட வேண்டும், மத்தியானம் என்றால் நிற்க இடமில்லை.

ஆகனிலிருந்து

நன்றி டோர்ட்முண்ட் அக்கா. இங்கிருந்து மூன்று பேர் தேருக்கு வருகிறோம். ரயில் பாதையில் வேலை நடந்தால் பாதி வழியில் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், அதனால் முதல் ரயிலைப் பிடிக்கிறோம். ஹாம்பர்க் அண்ணா, பழக்கூடைக்கு நான்கு பேர் வேண்டும் என்றீர்களே, கூடை என்ன விலை?