ஹூவர் அணை: குவார்ட்டர்ஸ் முடியுமுன் வேலையைத் தொடங்கியது ஏன்?

மதகடி:
அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் எழுந்த ஹூவர் அணைக்காகவே பௌல்டர் சிட்டி என்று ஓர் ஊரைக் கட்டினார்கள். பிறகு ஏன் 1931 கோடையில் ஆட்கள் ஆற்றங்கரைக் கூடாரங்களில் கிடந்தார்கள்? இறந்தவர் 96 பேர் என்கிறார்களே, வெயிலுக்குப் பலியானவர்களும் அதில் உண்டா?

துளைக்கம்பி:
ஊர் முதலில், அணை பிறகு என்பதுதான் திட்டம். ஆனால் அது பெருமந்தக் காலம், எங்கும் வேலையில்லை. வேலை தேடி வந்த கூட்டம் லாஸ் வேகாஸில் குவிந்துவிட்டது. அதனால் அணை வேலையின் தொடக்கத்தை 1931 அக்டோபரிலிருந்து மார்ச்சுக்கு முன்னிழுத்தார்கள். ஊரோ மேட்டில். கொலராடோ ஆற்றுத் தண்ணீரை ஏறக்குறைய 2,000 அடி மேலேற்றி, வண்டலைப் படியவைத்துச் சுத்திகரித்தால்தான் அங்கே குழாயில் தண்ணீர் வரும். அவசரத்துக்கு நடக்கிற காரியமா? அதனால் தனி ஆட்கள் பலருக்குப் பள்ளத்தாக்குப் பாறையை ஒட்டிய முகாம், குடும்பத்தோடு வந்தவர்களுக்கு ஆற்றங்கரையில் ராக்டவுன் என்ற கூடாரக் குடியிருப்பு. பாறை பகலெல்லாம் காய்ந்து இரவில் அனல் விடும். ஜூன் 25 முதல் ஜூலை 26 வரை ஆற்றங்கரையில் வெப்பத்தால் இறந்தவர்கள் 16 பேர்.

96-இல் அவர்கள் இல்லை. வெடி, பாறைச் சரிவு, விழுதல், மூழ்குதல், வண்டி விபத்து மாதிரி பணி விபத்துகள் மட்டுமே அந்த எண்.

அளவுகோல்:
நிமோனியா என்று எழுதப்பட்ட 42 இறப்புகளும் அதில் சேராது. அணை கட்டும் இடத்திலிருந்து ஆற்றைத் திருப்ப 56 அடி விட்டத்தில் நான்கு சுரங்கங்கள் குடைந்தார்கள். 1933 அக்டோபர் 1-க்குள் ஆறு திரும்பாவிட்டால் நாளொன்றுக்கு 3,000 டாலர் அபராதம். அதனால் பெட்ரோல் லாரிகளை உள்ளேயே ஓட்டினார்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு தேங்கியது. அது நிமோனியாவே இல்லை, புகைதான் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். ஆறு 1932 நவம்பரிலேயே திரும்பிவிட்டது. அந்த அவசரத்துக்கு விலை யார் கொடுத்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மதகடி:
நிலைமை எப்போது மாறியது?

துளைக்கம்பி:
1931 ஆகஸ்டில் சுரங்கத்தில் கல் அள்ளுபவர்களின் நாள் கூலியை 5 டாலரிலிருந்து 4-ஆகக் குறைத்ததும் வேலைநிறுத்தம் வெடித்தது. சுத்தமான தண்ணீர், ஐஸ் தண்ணீர், ஃப்ளஷ் கழிப்பறை ஆகியவையும் கோரிக்கையில் இருந்தன. நிறுத்தம் தோற்றது, ஆனால் பௌல்டர் சிட்டி வேலை சூடுபிடித்தது. அங்கே விடுதி, மெஸ், வண்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளுக்கு 1.60 டாலர் பிடித்தம்.

அளவுகோல்:
ஐஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. கான்கிரீட் இறுகும்போது சிமென்ட் சூடு விடும். ஒரே கட்டியாகக் கொட்டியிருந்தால் ஆற நூறாண்டுக்கு மேல் ஆகும், விரிசலும் விடும். அதனால் தனித்தனிக் கட்டிகளாக, ஒரு தடவைக்கு 5 அடி உயரம் மட்டுமே கொட்டினார்கள். ஒவ்வோர் அடுக்கிலும் 1 அங்குலக் குழாய், மொத்தம் 582 மைல். முதலில் ஆற்றுத் தண்ணீர், பிறகு நாளுக்கு 1,000 டன் ஐஸ் செய்யும் திறனுள்ள ஆலையிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஓடியது. சுருங்கி முடிந்ததும் கட்டிகளுக்கு இடையிலான சந்துகளிலும் குழாய்களிலும் சிமென்ட் பால் ஏற்றி அடைத்தார்கள்.

1931-இல் ஆட்கள் கேட்டது குடிக்க ஒரு குவளை ஐஸ் தண்ணீர்.